மூன்று முறை அழைக்கப்படும் வீடு

என் அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதியோர் உதவித்தொகை முதல் குடிநீர்க் குழாய் வரை நம் தெருவார் அத்தனை பேருக்கும் அடித்தல் திருத்தலின்றி ஒரே அமர்வில் மனு எழுதிக் கொடுப்பவள் நான் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெருமை எனக்கு எவ்வளவு பெரிது என்பதும் உனக்குத் தெரியும். மனுக்களில் பிறருடைய குறைகளை எழுதிப் பழகிய கை, தன் குறையை எழுதும்போது இவ்வளவு தயங்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. எனவே நலம் விசாரிக்கும் வரிகளைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் பின்வாங்க முடியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ பூனாவிலிருந்து பேசினாய். மருமகளுக்கு ஐந்தாம் மாதம் நடப்பதையும், குமட்டல் சற்றுத் தணிந்திருப்பதையும் சொன்னாய். பிறகு, "ஏம்மா, அந்த நடுவீட்டுல கடைசியா இருந்த பொம்பளையாளு பேரு என்ன? பொண்ணு பெறந்தா அந்தப் பேர வைக்கலாம்னு இவ சொல்றா. அத்துப்போன வீடு, பேராச்சும் இருக்கட்டுமே" என்று கேட்டாய். நான் கண நேரமும் யோசிக்காமல், "தெரியலப்பா, அந்தக் காலத்துல யாரு எழுதி வச்சா" என்று சொன்னேன். அது பொய். அவள் பெயர் மூக்காயி. சென்ற ஆனி மாதத்திலிருந்தே அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவள் வீடு அற்றுப்போகவும் இல்லை. அவளுடைய மகனின் பேரப்பிள்ளை, நம் ஆனையூரிலிருந்து இரண்டு பேருந்து மாறினால் சேர்ந்துவிடக்கூடிய ஊரில், நல்ல சுகத்தோடு இருக்கிறார். அவர் வீட்டில் அமர்ந்து அவர் கையால் வரக்காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வந்துதான், உன் திருமணத்துக்காக அச்சிட்ட குடும்ப வரலாற்றுப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தை நான் எழுதினேன்.

நீ பிறந்த குடும்பத்தின் கதையை நீ அறிவாய். ஆனாலும் உன் மனைவியும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். வாடிப்பட்டிக்கு மேற்கே உள்ள நம் பூர்வீக ஊரில் உன் அப்பாவின் பாட்டனுக்குத் தந்தையும் அவருடைய தம்பியர் இருவரும் ஒரே தெருவில் மூன்று வீடுகளில் இருந்தார்கள். மூத்தவர் வீடு மேலவீடு, அதுதான் நாம். கடைசித் தம்பியின் வீடு கீழவீடு. இடையில் இருந்தது நடுவீடு. பேதி பரவிய ஓர் ஆண்டில் நடுவீட்டில் எல்லோரும் மாண்டுபோனதாகத்தான் நம்மவர் சொல்லிவந்தார்கள். மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் காலை குலசாமி கோயிலில் படையலைப் பங்கிடும்போது ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லி அழைத்து, இலையில் பொங்கலும் தேங்காய் மூடியும் திருநீறும் கொடுப்பார்கள். நடுவீட்டை மட்டும் மூன்று முறை அழைப்பார்கள். யாரும் வர மாட்டார்கள். அந்த இலையைக் கோயில் எல்லைக் கல்லின்மேல் வைத்துவிட்டுக் கைகழுவுவார்கள். நான் மணமாகி வந்த ஆண்டு அந்த மூன்றாவது அழைப்பைக் கேட்டு எனக்கு மெய் சிலிர்த்தது. இறந்தவர்களை இத்தனை காலம் மறவாமல் அழைக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று உள்ளூர நிமிர்ந்துகொண்டேன்.

நான் எந்த வீட்டிலிருந்து வந்தவள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அழைப்பதற்கு வீட்டுப் பெயர் என ஒன்று இல்லாத வீடு எங்களுடையது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மளிகை மடித்து வந்த தாளிலும், கிளை நூலகத்திலும், உன்னுடைய பாடப் புத்தகங்களிலும். உனக்குப் பத்து வயதிருக்கும்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஓர் ஆசிரியர் நம் வீட்டுக்கு வந்தார். உனக்கு நினைவிருக்கிறதா என்று இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்கத் துணிவில்லை. என் படிப்பு என்னவென்று அவர் கேட்டபோது, "பத்தாம் வகுப்பு" என்றேன். நீ வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, நீ அஞ்சாப்புத்தானம்மா" என்றாய். அவர் சிரித்துவிட்டு, "தம்பி ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. எதம்மா எழுத?" என்றார். "சின்னப் பயலுக்கு என்ன சார் தெரியும், பத்துன்னே எழுதுங்க" என்றேன். எழுதிக்கொண்டு போனார். அவர் படி இறங்கியதும் உன் தொடையைத் திருகிக் கிள்ளினேன். நீ அழவில்லை. என்னைப் பார்த்தாய், அவ்வளவுதான். அன்று இந்த நாட்டின் கணக்கில் என்னால் ஒரு பொய் கூடியது. உன்னுடைய கணக்கில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்பதை நீதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நீ என்னை யார் முன்னிலையிலும் திருத்தியதில்லை. அதை நான் உன்னுடைய மரியாதை என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உன் திருமணம் நிச்சயமானபோது, சம்பந்தி வீட்டார் இருவரும் கல்லூரி ஆசிரியர்கள் என்று அறிந்து எனக்குக் கலக்கம் உண்டாயிற்று. அவர்கள் நம் வீட்டுக்கு வந்த நாளில் உன் மாமியார் மிகுந்த அன்போடு, "நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டார். நான் சமையலறைக்குள் பால் பொங்குவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன். அன்றுதான் புத்தகம் எழுதும் எண்ணம் பிறந்தது. தாம்பூலப் பையில் தேங்காயோடு நம் குடும்ப வரலாறும் இருக்க வேண்டும், அதை என் கையால் எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். உன் அப்பா, "எழுது, யாரு வேணாங்கறா. ஆனா எங்க வீட்டுக் கதைய என்னவிட நீதான் பெருசா பேசுற" என்றார். அது எத்தனை உண்மை என்பதை அப்போது உணரவில்லை. பிறந்தவர்களுக்கு வீடு தானாகவே சொந்தம். வந்தவள் அதைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது, அல்லது அப்படி நானே நினைத்துக்கொண்டேன்.

நடுவீட்டாரின் பெயர்களும் இறந்த காலமும் தெரிந்தால் புத்தகம் கனமாக இருக்கும் என்று தோன்றியது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூல்களில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும் என்று நம்பிக்கொண்டு மதுரையில் ஒரு பெரிய நூலகத்துக்குப் போனேன். ஆங்கில நூல், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் தேடி நம் ஊரைக் கண்டுபிடித்தேன். ஊரின் பெயருக்கு எதிரே வீடுகள் இத்தனை, ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்று ஒரே ஒரு வரி. அடுத்த கணக்கெடுப்பில் அந்த எண்கள் சற்றே குறைந்திருந்தன. மூன்று உயிரும் முப்பது உயிரும் அந்த வரியில் ஒரே மாதிரிதான் குறையும். நூலகர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆள் கெடைக்கலையா?" என்றார். "பெயரே இல்லையே" என்றேன். "சர்க்கார் தலைய எண்ணிச் சேத்துச்சும்மா, பேரையா புத்தகத்துல போடும்? பேரு வேணும்னா வேதக்கோயில் பதிவேட்டப் பாருங்க. பெறப்பு, கல்யாணம், சாவு எல்லாத்தையும் சாமியாருக எழுதி வச்சிருப்பாக" என்றார். நாம் வேதக்காரர்கள் இல்லையே, கிறிஸ்தவக் கோயிலில் நம்மவர் பெயர் எப்படி இருக்கும் என்று எண்ணியபடி வீடு திரும்பினேன். ஆனால் உன் அப்பாவிடம் சொன்னபோது, பேதிக் காலத்தில் பிணங்களை எடுத்துப் புதைக்க ஒரு வேதக்கோயில் உபதேசியார் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்ததாகத் தம் தந்தை சொல்லக் கேட்டதை அவர் நினைவுகூர்ந்தார். புதைத்தவர் எழுதி வைத்திருக்கக்கூடும். அந்த ஒரு நூலைப் பற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

அந்த உபதேசியார் இருந்த பழைய பங்குக்கோயிலில் பங்குச்சாமியார் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "இவ்வளவு அழகா மனு எழுதி யாரும் இங்க வந்ததில்லம்மா" என்று சொல்லி அனுமதி தந்தார். என் தலை எவ்வளவு கனத்தது தெரியுமா? கோயில் பணிகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை, பூச்சி அரித்த அடக்கப் பதிவேட்டை மெல்லப் புரட்டினார். நடுவீட்டார் அதில் இல்லை. "ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாத்துருவோமா?" என்று அவர்தான் கேட்டார். சாமியார் எழுதிய வரி இலத்தீனில் இருந்தது. ஓரத்தில் உபதேசியார் தமிழில் எழுதியிருந்தார். அந்த வரிகளை மனப்பாடமாக உனக்குத் தருகிறேன்: "மூக்காயி, நடுவீட்டாள். புருஷன் பேதியில் மரித்தான். மூத்தவனும் இளையவனும் வீட்டை முள்ளால் அடைத்துவிட்டபடியால் நாலாம் நாள் முள்ளை விலக்கி எடுக்கப்பட்டாள். பிள்ளைகள் மூன்று. ஒன்று வழியில் மரித்தது."

மகனே, என் கையெழுத்துப் படியின் எட்டாம் பக்கத்தில் நான் எழுதி முடித்திருந்த வாக்கியம் இது: "மேலவீட்டுப் பெரியவர் தமது மதிநுட்பத்தால் கொள்ளைநோயை ஒரே வீட்டோடு நிறுத்தி ஊரைக் காத்தருளினார்." நம் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் அந்தக் கதையும் இந்த ஓரக் குறிப்பும் ஒரே நிகழ்ச்சி. நாம் அதைத் தெருவிலிருந்து பார்த்தோம். மூக்காயி முள்ளுக்கு உள்ளிருந்து பார்த்தாள். நான்கு நாள், கணவனின் உடலோடும் மூன்று குழந்தைகளோடும்.

கோயில்பிள்ளை என் முகத்தைக் கவனிக்கவில்லை. அவர் உற்சாகமாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். மூக்காயியின் மகன் சவரிமுத்து, அவருடைய திருமணப் பதிவு, அவர் மகன் அந்தோணி, அந்தோணியின் மகன். "அட, இது நம்ம அருளப்பண்ணே குடும்பம்ல! தெக்குத் தெருவுலதான் இருக்காரு. லாரி ஓட்டிக்கிட்டிருந்தாரு, இப்ப சும்மாத்தான் இருக்காரு. வாங்கம்மா, கூட்டிட்டுப் போறேன்" என்று எழுந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைப்பதற்குள் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அருளப்பன் ஐயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். மனைவி இல்லை. என்னை நாற்காலியில் அமர்த்திவிட்டு அவரே அடுப்பைப் பற்றவைத்தார். சிறு தோட்டம், கம்பி வேலி. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "எங்க வீட்டுல முள்ளு அடைக்க மாட்டோம்மா. ஆடு தின்னாலும் சரி. எங்க பாட்டன் காலத்துல இருந்தே அப்படித்தான்" என்றார். பழைய குடும்பம் ஒன்றைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று கோயில்பிள்ளை பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஐயாவுக்குப் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி. "எங்க பூர்வீகம் வாடிப்பட்டிக்கு அங்கிட்டும்மா. ஊருக்கு மேக்க ஒரு ஊருணி இருக்குமாம், கரையில மருதமரமாம். நான் போனதில்ல. லாரியில அந்த ரோட்டுல எம்புட்டோ தடவ போயிருக்கேன், வண்டிய நிறுத்துனதில்ல. யாருன்னு சொல்லி எறங்குறது?" என்றார். "ஊருணி மேற்கே இல்லை ஐயா, கிழக்கே" என்றேன். பிழை ஒன்றைக் கேட்டால் திருத்தாமல் இருக்க மாட்டாத என் சுபாவம் உனக்குத் தெரியும். அவர் தம்ளரை நீட்டியவாறே ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அங்க எங்க ஆளுக இருக்காகளாம்மா? எங்கள யாராச்சும் தேடுனாகளா?"

தேடிக்கொண்டு வந்தவள் நான். அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் பையில் அவருடைய கொள்ளுப்பாட்டியின் பெயரை எழுதிய தாள் இருந்தது. அப்படியிருந்தும், "எனக்குத் தெரியாதுங்கய்யா, நான் தேடி வந்தது வேற குடும்பம்" என்று சொன்னேன். எழுத்துத் தமிழ் எல்லாம் அந்த நேரத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. அவர் பேருந்து நிறுத்தம் வரை உடன் வந்து, வெயிலில் நின்று, நான் ஏறிய பிறகு கையசைத்தார்.

வீடு வந்து சேர்ந்த மறுநாள் அச்சகத்திலிருந்து பிழைதிருத்த அச்சுப்படி வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் நான் முன்பு எழுதியிருந்தது, "நடுவீட்டாரைப் பற்றிய தகவல் கிட்டவில்லை" என்பதுதான். அதை அப்படியே விட்டிருந்தாலும் பாதிக் குற்றத்தோடு போயிருக்கும். நான் அதை அடித்துவிட்டு, "நடுவீட்டார் வழித்தோன்றல் எவருமின்றி மண்ணோடு மறைந்தனர், எனினும் அவர்தம் பெயர் இன்றளவும் மும்முறை ஒலிக்கின்றது" என்று எழுதினேன். அறியாமையால் எழுதிய வரியை, அறிந்த பிறகு பொய்யாக்கினேன். அந்த வாக்கியத்தின் ஓசை நன்றாக அமைந்ததில் எனக்கு மகிழ்ச்சிகூட உண்டாயிற்று. இதை எழுதும்போது முகம் எரிகிறது.

என்ன பயம் என்று நீ கேட்கலாம். மேலவீட்டுப் பெரியவருக்குப் பேதியைக் கண்டு பயம். அந்த நாளில் மருந்தோ மருத்துவரோ இல்லை. தம் பிள்ளைகள் சாவார்கள் என்று நடுங்கியிருப்பார். அவரை மன்னிப்பதற்கோ தண்டிப்பதற்கோ நான் யார்? ஆனால் எனக்கு எந்த நோயைக் கண்டு பயம்? சம்பந்தி வீட்டார் எட்டாம் பக்கத்தின் உண்மையை அறிந்துவிட்டு என்னைப் பார்க்கும் பார்வை, அவ்வளவுதான் என் பயம். அதற்காக அந்தக் குடும்பத்தின் வாசலில் இன்னொரு முறை முள் அடைத்தேன்.

பிறகு தெப்பக்குளத்துக்கு அருகே அந்த மண்டபத்தில் உன் வரவேற்பு நடந்தது. நீ ஒலிபெருக்கியை வாங்கி, "எங்கம்மா எழுதுன புத்தகத்துல இருந்து ஒரே ஒரு பக்கம் வாசிக்கிறேன்" என்று சொல்லி ஒன்பதாம் பக்கத்தை வாசித்தாய். வாசித்து முடித்து, அற்றுப்போன அந்தக் குடும்பத்துக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாய். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. உன் மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழவீட்டு மூத்தவர், உன் பெரியப்பா, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் தலைகுனிந்து நின்றேன். எல்லோரும் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள். உன் மாமியார் வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நாங்க படிச்சவங்கன்னு பேரு, எழுத்து உங்ககிட்டதான் இருக்கு" என்றார். நான் எதற்காகப் பொய் சொன்னேனோ அது என் கைக்குக் கிடைத்தது. அன்று என் பொய்யை உன் வாயில் வைத்து உன்னைப் பேசச் செய்தேன். உயிரோடிருப்பவருக்கு உன்னை அஞ்சலி செலுத்த வைத்தேன். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவற்றில் இதுவே பெரியது.

மூக்காயியின் பெயரை உன் பிள்ளைக்கு வைக்க நீ கேட்டபோது பொய் சொன்னேன் அல்லவா, அந்தத் தொலைபேசியைக் கீழே வைத்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் புத்தகத்தை எடுத்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எட்டையும் ஒன்பதையும் மறுபடி படித்தார். "தெருவுல ஒருத்தன் மனுவுல வயச ரெண்டு கூட்டிப் போடச் சொன்னா சண்டைக்குப் போவ. ஒன் பக்கத்துக்கு மட்டும் கை கூசலையாக்கும்?" என்றார். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வா. நானும் வாரேன்னு சொல்ல மாட்டேன். நீ சொன்ன பொய்ய நீதான் எடுக்கணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை போனேன். அருளப்பன் ஐயா தோட்டத்தில் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் தயாரித்துச் சென்ற முன்னுரை ஒன்றிருந்தது. இரண்டு வாக்கியங்களிலேயே சிக்கிக்கொண்டது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "மூச்ச விட்டுச் சொல்லுங்கம்மா. நீங்க எங்க ஆளுதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். எப்படி என்று கேட்டேன். "ஊருணி கெழக்கன்னு திருத்துனீங்களே! பாக்காதவுக அத எப்படித் திருத்துவாக?" என்று சிரித்தார். பிறகு ஏன் ஐயா அன்று என்னைக் கேட்கவில்லை என்றேன். "கேட்டேனே. தெரியாதுன்னு சொல்லிட்டீக. பொய் சொல்றவுகள மறுபடி கேட்டா மறுபடி பொய்தான் சொல்வாக. வெயில்ல வந்த பொம்பளையாளு, எதுக்கு ரெண்டு பொய்?" என்றார். மகனே, என்னை அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முள்ளைப் பற்றி, நான்கு நாளைப் பற்றி, நான் எழுதியதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். முள் கதை அவருக்குத் தெரிந்ததுதான். "ஊருப் பெரியவரு அடைச்சாருன்னு மட்டும் சொல்லி வச்சாக. அடைச்சவுக அண்ணன் தம்பின்னு எங்க அய்யா கடைசி வரைக்கும் வாய்விட்டுச் சொல்லல" என்றார். பிறகு விரலை மடக்கித் தலைமுறை எண்ணினார். "அப்ப ஒங்க வீட்டுக்காரரு எனக்குத் தம்பி முறை வருது. ஒங்க மகனுக்கு நான் பெரியப்பன். நல்லா இருக்கே கூத்து! எனக்குக் கருமாதி முடிஞ்சிருச்சு, கல்யாண மண்டபத்துல வச்சு!" என்று உடல் குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. அப்போதுதான் கோயிலில் மூன்று முறை அழைக்கும் வழக்கத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. "இன்னுமா?" என்றார். ஆண்டுதோறும் என்றேன். "நடுவீடுன்னா கூப்புடுவாக?" ஆமாம் என்றேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பொங்கலும் வேணாம், பங்கும் வேணாம்மா. நான் நம்புற சாமி எனக்கு இருக்கு. வெளியில எங்கிட்டாவது நின்னு அத ஒரு தடவ கேட்டுட்டு வந்துர்றேன். எங்க பாட்டன் கேக்கல, எங்க அய்யா கேக்கல" என்றார்.

கோயிலில் அழைப்பவர் கீழவீட்டு மூத்தவர்தான் என்பது உனக்குத் தெரியும். அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு கோபம். "ஏத்தா, நீ எழுதுனத நம்பி மண்டபத்துல நான் அழுதேனே, அந்த அழுகைய எங்க கொண்டு போய்க் கொட்ட? முள்ளடைச்சதுல எங்க கீழவீட்டு ஆளுக்கும் பங்குன்னு வேற சொல்ற. வேதக்காரரு நம்ம கோயிலுக்கு வந்தா நாலு பேரு நாலு பேசுவான்." உள்ளே வர மாட்டார், வெளியே நின்று கேட்பார் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடைசியில், "நான் எப்பவும் போல மூணு தடவ கூப்புடுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேன். பதில் சொல்றது ஒம்பாடு" என்றார்.

ஆகவே மாசிச் சிவராத்திரிக்கு நீ வர வேண்டும். மருமகள் பயணம் செய்யக்கூடாது என்றால் நீ மட்டும் வா. இந்தக் கடிதத்தை அவளிடமும், அவள் சம்மதித்தால் அவள் பெற்றோரிடமும் படிக்கக் கொடு. நான் ஐந்தாம் வகுப்பு என்பதையும் அவர்கள் இதிலேயே அறிந்துகொள்ளட்டும். பெண் பிறந்தால் மூக்காயியின் பெயரை வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். அற்றுப்போனவள் என்ற இரக்கத்தால் மட்டும் வைக்காதீர்கள். உன் மனைவி என்றேனும் நாலு பேர் முன்னிலையில் உன்னைத் திருத்தினால், உன் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை இந்த ஒன்றுதான். மற்றவற்றைச் சொல்லும் தகுதியை இழந்திருக்கிறேன்.

அன்று காலை பெரியப்பா மூன்றாவது முறை அழைத்த பிறகு நான் பதில் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு பக்க அளவில் அறிக்கை ஒன்று எழுதினேன். உன் அப்பா கேட்டுவிட்டு, "இம்புட்டையும் நீ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பொங்கல் ஆறிப் போகும். அவரு வெளிய வெயில்ல நிப்பாரு" என்றார். அதையும் கிழித்துவிட்டேன். இப்போது ஒரே ஒரு சொல்லைத்தான் சமையலறையில் நின்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்: "இருக்காக." முள்ளடைத்த கதையை அதற்குப் பிறகு பங்காளிகளிடம் சொல்வேன், முதலில் அந்த ஒரு சொல் வெளியே நிற்பவர் காதில் விழ வேண்டும். இத்தனை ஆண்டுகள் மனு எழுதியவளுக்கு இந்த ஒரு சொல்லுக்கு இத்தனை ஒத்திகை தேவைப்படுகிறது.

நீ என் பக்கத்தில் நில். நான் வாய் திறவாமல் போனாலோ, அந்தச் சொல்லைச் சுற்றி அலங்காரம் கட்டத் தொடங்கினாலோ, வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாயே, அதே போல எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திருத்து. உன்னைக் கிள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு வரை படித்த
உன் அம்மா